அசுந்தாவின் ஸ்பகெட்டி

"பச்சை ஒரு பொட்டுகூடத் தெரியக் கூடாது. நல்லா சீவு," என்று மாமியார் அசுந்தா கிசுகிசுத்தாள்.

வெள்ளரிக்காய் மாதிரி இருந்த சுக்கினிக்காயை பெலிண்டா இன்னொரு தரம் தோல் சீவினாள். கைமெஷினில் செருகிச் சுற்றியதும், காய் வெள்ளை வெள்ளையாக நூல் விட்டு இறங்கியது. பார்த்தால் ஸ்பகெட்டியேதான். எத்தனை தரம் பார்த்தாலும் அவளுக்கு அது அதிசயமாகவே இருந்தது.

கட்டின புருஷனையே சாப்பாட்டில் ஏமாற்றுகிறாளே என்று முதலில் மாமியார் மேல் அவளுக்குக் கோபம்தான். ஆனால் மாமனார் சவேரியோவுக்குச் சர்க்கரை ஏறி, ஒரு கால்விரலை எடுத்தாகிவிட்டது. பாஸ்தாவை விடாவிட்டால் அடுத்தது பாதம் என்றார் டாக்டர். பாஸ்தா தின்றே செத்துப்போகிறேன் என்று இவர் எழுந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்தத் திருட்டு வேலை. முதல் வாரம் ஸ்பகெட்டியோடு ஒரு பிடி சுக்கினி. அடுத்த வாரம் இரண்டு பிடி. எட்டு வாரம் ஆகி, இன்றைக்குத் தட்டில் ஸ்பகெட்டியே கிடையாது. முழுக்கக் காய்.

கண்டுபிடித்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அப்புறம் இந்த வீட்டில் எதையும் நம்பிச் சாப்பிட மாட்டார். பெலிண்டா தன் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

சவேரியோ முள்கரண்டியில் சுருட்டி வாயில் வைத்தார். எதிர்வீட்டுக் கார்மினே காயைத் துருவி, பாஸ்தா என்று சொல்லித் தின்கிறானாம் என்று ஆரம்பித்தார்.

"ஆட்டுக்குப் போடுறதைத் தட்டுல போட்டுக்கிட்டா அது பாஸ்தாவா? நம்ம வீட்டுல அது நடக்குமா, அசுந்தா?"

"உங்களுக்கு யாரு அதைப் போடுவா? பேசாம சாப்பிடுங்க." அசுந்தா சிரிப்பை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் பெலிண்டா பார்த்தாள். காய் தண்ணீர் விட்டு, தட்டின் ஓரமெல்லாம் தக்காளிச் சாறு நீர்த்து ஓடிக்கொண்டிருந்தது. அசல் ஸ்பகெட்டி எந்த ஊரில் தண்ணீர் விடும்?

சவேரியோ தட்டைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரையும் கரண்டியால் வழித்துக் குடித்தார். உன் கைமணம் யாருக்கும் வராது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

கொடியில் துணி எடுக்க வந்த பெலிண்டாவை அங்கே நிறுத்தினார்.

"சுக்கினியை உப்புப் போட்டு, கால் மணி நேரம் வடிய விடணும்மா. அப்புறம் துணியில வச்சுப் பிழியணும். இன்னிக்கு அவசரப்பட்டுட்டீங்க."

எப்போதிலிருந்து தெரியும் என்று பெலிண்டா கேட்டாள்.

"முதல் நாளே. கிரிஃபித் ஊர்ல நாப்பது வருஷம் பாஸ்தாக் கடை வச்சு மாவு பிசைஞ்சவன்மா நான்."

"அப்ப ஏன் மாமா, எட்டு வாரமா..."

உள்ளே அசுந்தா பாத்திரம் கழுவிக்கொண்டே எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். சவேரியோ கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அவகிட்ட மூச்சு விடாத. என் விரலை எடுத்த நாள்லேருந்து ராத்திரியெல்லாம் முழிச்சே கிடந்தா. என்னை ஏமாத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் தூங்குறா."