குலுக்கலில் விழுந்த வீடு

"நாலு சுவத்துக்குள்ள நடக்கறதைக் கேக்க அவ யாரு?" கையிலிருந்த பையைச் சோபாவில் வீசினார் கணவர்.

"ஆராய்ச்சிக்குன்னு வந்தா. தாம்பத்தியம் பத்திக் கேட்டா, சொன்னேன்" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"என்ன கேட்டா?"

"படுக்கையறையில திருப்தியா இருக்கீங்களான்னு."

"கருமம்! அவ மூஞ்சியில கதவைச் சாத்த வேண்டியதுதானே? ஊர்ல இத்தனை வீடு இருக்க, நம்ம வீடுதான் கிடைச்சுதா? மானம் போச்சு! நாளைக்குக் காலையில அவளை என்ன பண்றேன் பாரு!"

"கத்தாதீங்க. வாசல்ல என்னைப் பார்த்ததும் அவளுக்கே வேர்த்துக் கொட்டிடுச்சு. திரும்பிப் போகத்தான் பார்த்தா. 'சீட்டுக் குலுக்கல்ல விழுந்த வீட்டை விட்டா ஆராய்ச்சியே பாழ்னு சார் திட்டுவார், மேடம்'னு அப்புறம் உக்காந்துட்டா. அந்த சார் நீங்கதானே?"

அவர் வீசிய பையைத் திரும்ப எடுத்தார்.

"'வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துற சமூகம் உருப்படாது'ன்னு போன மாசம் டிவியில முழங்கினதும் நீங்கதானே?"

பேராசிரியர் சோபாவில் சரிந்தார். பிறகு குரல் இறங்கியது.

"சரி... அந்தத் திருப்தி கேள்விக்கு நீ என்ன சொன்ன?"

"யார் என்ன சொன்னாங்கன்னு சாருக்கே தெரியாதுன்னு அந்தப் பொண்ணு வாக்குக் குடுத்திருக்கா. உங்க ஆராய்ச்சிப் புத்தகம் வரட்டும். ஊரோட சதவீதத்துல எங்கேயாவது நானும் இருப்பேன். தேடிப் பாருங்க."