இரண்டு பெயரில் ஒரு கணக்கு

செக்காலையில் வக்கீல் தீபலட்சுமியின் அறை. வண்ணக்கண்ணாடி ஜன்னல் வழியே விழும் நீல வெளிச்சம் மேசைமேல் மெல்ல நகர்கிறது. போன மாதம் கணவர் ஜெரால்டை அடக்கம் செய்த யூஜினியா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தீபலட்சுமி தாள்களைப் பிரித்து வைக்கிறாள். "சார் பேருல மட்டும் இருக்குற, நாமினி போடாத டெபாசிட்டுக்குத்தான் கோர்ட்டுக்குப் போகணும், டீச்சர். நீங்க ரெண்டு பேரும் சேந்து வச்சிருந்த கணக்குக்கு வேணாம். இறப்புச் சான்றிதழைப் பேங்க்ல கொடுத்தீகன்னா சார் பேரை எடுத்துட்டு உங்க பேருக்கே மாத்திருவாக." நீலம் இப்போது பாஸ்புக்கைத் தொடுகிறது. இரண்டு பெயர்களும் ஒரே வரியில் இருக்கின்றன. யூஜினியா ஜெரால்டின் பெயரை விரலால் மூடிப் பார்க்கிறார். உடனே விரலை எடுத்துவிடுகிறார். "இதையும் கோர்ட்டுக்கே அனுப்பிரும்மா," என்கிறார். "அங்கதான் வருசக்கணக்கா இழுப்பாகளாமே."