கடைக்குட்டிக்கு ஒரு ஞானத்தந்தை

"வாயைத் திறந்து கேட்டுட்டாப் போதும், ஒபெலியா. என் குழந்தைக்கு ஞானத்தந்தையா நில்லுன்னு கேட்டா, இந்த ஊர்ல எவன் மாட்டேன்னு சொல்லியிருக்கான்?"

சமையலறையில் மனைவியிடம் கிசுகிசுத்தார் ஃபிலெமோன், சான் திமோத்தியோ நகராட்சியின் குடிநீர்ப் பிரிவுத் தலைவர். கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் அன்செல்மோ, ஃபிலெமோன்மேல் வந்த புகாரை விசாரிக்கும் அதிகாரி.

"விசாரிக்க வந்த மனுஷனையே உறவாக்கப் பாக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

"வேலை போனா வெக்கத்தையா தின்போம்?"

ஃபிலெமோன் தூங்கிப் பல நாளாயிற்று. நகராட்சித் தண்ணீர் லாரியை மச்சினன் தெருவுக்கு அனுப்பிவிட்டார் என்று புகார். சாதாரணக் குற்றமென்றால் ஒரு எச்சரிக்கையோடு போய்விடும். கடுமையான குற்றமென்று எழுதிவிட்டால் வேலை காலி. அப்புறம் எந்த அரசு அலுவலகத்திலும் கால் வைக்க முடியாது. இந்த அன்செல்மோவோ வாயே திறப்பதில்லை. மச்சினன் தெருவில் வீடு வீடாகப் போய் என்னவோ கேட்கிறார், தலையை ஆட்டுகிறார், கிளம்பிவிடுகிறார். எரிச்சலாக இருக்காதா?

ஃபிலெமோன் கூடத்துக்கு வந்தார். கையில் கடைக்குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சார், ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு ஞானஸ்நானம். நீங்கதான் ஞானத்தந்தை."

அன்செல்மோவுக்குப் புரையேறியது. "நானா? அதுக்கு அடுத்த ஞாயிறு வெச்சுக்கலாமே, இன்ஜினியர்?"

"பாதிரியார்கிட்ட சொல்லியாச்சு சார்." பாதிரியாரிடம் அவர் இன்னும் பேசவே இல்லை.

"ஒரே ஒரு வாரம்..."

"பச்சப்புள்ள சார். வேணாம்னு சொல்லிடாதீங்க."

அன்செல்மோ குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சோடு, "சரி" என்றார்.

"நழுவப் பாத்தான். விட்டேனா?" என்று உள்ளே போய்ச் சிரித்தார் ஃபிலெமோன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அமர்க்களமாக நடந்தது. கோயில் வாசலில் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு கூச்சலிட, வழக்கப்படி ஞானத்தந்தை கை நிறையச் சில்லறையை வாரி இறைத்தார். வீட்டில் வான்கோழியும் மோலே குழம்புமாக விருந்து. ஃபிலெமோன் இரண்டு கிண்ணத்தில் மெஸ்கால் சாராயம் ஊற்றி, அன்செல்மோவின் தோளில் கை போட்டார்.

"இனிமே சாரும் கிடையாது, மோரும் கிடையாது. நீங்க எனக்கு கொம்பாத்ரே, நான் உங்களுக்கு கொம்பாத்ரே! சம்பந்தி மாதிரி. அப்ப... அந்தத் தண்ணி லாரி விஷயம்?"

அன்செல்மோ கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அதை நான் இனிமே தொடக் கூடாது, கொம்பாத்ரே. வேண்டப்பட்டவர் வழக்கை நானே விசாரிச்சா, அதுதான் கடுமையான குத்தம். கோயில்லேர்ந்து வந்ததுமே போன் பண்ணி விலகிட்டேன். தலைநகரத்துலேர்ந்து வேற ஆள் வந்து, முதல்லேர்ந்து விசாரிப்பாங்க."

ஃபிலெமோன் அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். "அப்ப, நீங்க இவ்வளவு நாள் விசாரிச்சதெல்லாம்?"

"வீண்தான். முடிவை முன்கூட்டிச் சொல்லக் கூடாதேன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்." அன்செல்மோ கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினார். "குழாய்ல சொட்டுத் தண்ணி இல்லாம அந்தத் தெருவே அன்னிக்கு உங்க லாரித் தண்ணியிலதான் பொழைச்சுது கொம்பாத்ரே, உங்க மேல தப்பே இல்லன்னு நாளைக்குக் காலையில கையெழுத்துப் போடறதா இருந்தேன்."