அசல் ஹவானா

"சாமிக்கு முன்னால வச்சு, குங்குமமும் இட்டுருந்தீங்க. அது சாமிக்கு இல்லாம பொறவு யாருக்காம்?" என்று கேட்டாள் மனைவி ஆவுடைத்தாய்.

காண்ட்ராக்டர் வன்னியபெருமாள் ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

பூஜை அறையில் அவர் வைத்திருந்தது ஒரு பெட்டி ஹவானா சுருட்டு. கொச்சியில் ஒரு கப்பல்காரனிடம் ரகசியமாக வாங்கியது. அந்த விலைக்கு ஒரு கறவைப் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம். இன்ஜினீயர் ஸ்ரீகண்டனிடம் கொடுக்கும் முன் ஒரு நாள் சாமி காலடியில் இருந்தால் காரியம் கைகூடும் என்று நினைத்தார்.

காரியம் சின்னதில்லை. புது ஹாஸ்டல் கட்டும் காண்ட்ராக்ட் யாருக்கு என்பதை மறுநாள் இன்ஜினீயர்தான் முடிவு செய்கிறார். இரண்டு வருஷமாக உருப்படியான வேலை எதுவும் இல்லை. இதுவும் கைநழுவினால் சிமெண்ட் மிக்சரை விற்றுவிட்டு, திருவனந்தபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, சொந்த ஊர் வள்ளியூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்றைக்குப் பார்த்து, கரமனை ஆற்றங்கரையில் ஷெட் போட்டுத் தங்கியிருந்த அவருடைய கொத்தனார்கள் சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா நடத்தினார்கள். மாடனுக்குச் சுருட்டு இல்லாமல் படையல் கிடையாது. அதற்கென்று அவர் வாங்கியிருந்தது சாலைக் கடைத்தெருவில் கட்டாகக் கட்டி விற்கிற நாட்டுச் சுருட்டு. சாமிக்கு எல்லாம் புகைதானே, கம்பெனி பேரா பார்க்கப் போகிறது? அவருடைய பக்தி அவ்வளவுதான்.

ஆவுடைத்தாய்க்கு அந்தக் கணக்குத் தெரியாது. குங்குமம் வைத்த பெட்டியைப் படையல் கூடையில் வைத்து அனுப்பிவிட்டாள்.

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனார். மதியக் கொடை முடிந்திருந்தது. சாமியாடி நயினார் மேல் மாடன் இறங்கி, நாலைந்து ஹவானாவைச் சேர்த்துப் பற்றவைத்து ஊதித் தள்ளியிருந்தார். மிச்சமெல்லாம் பிரசாதம். சித்தாள்கள் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, பசுவையும் கன்றையும் புகைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாடன் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? சாமிக்குக் காகிதம் ஆகாது என்று நயினார் ஒவ்வொரு சுருட்டிலிருந்தும் கழற்றிப் போட்டிருந்த முத்திரை வளையங்கள் மட்டும் பெட்டியில் கிடந்தன. பெட்டியோடு அவற்றை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

வீட்டில் நாட்டுச் சுருட்டுக் கட்டைப் பிரித்தார். சோற்றுப் பசையைத் தடவி ஒவ்வொன்றுக்கும் வளையம் ஒட்டிப் பெட்டியில் அடுக்கினார். மூடியிலிருந்த குங்குமத்தைத் துடைத்தார். 

ஸ்ரீகண்டன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஸ்ரீவராகத்து அக்கிரகார வீட்டில் அம்மா முன்னால் மடி ஆசாரம். புகையெல்லாம் வழுதக்காட்டு குவார்ட்டர்ஸில். லஞ்சம் வாங்குவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். ரூபாயைத் தொட்டால் கை கூசும். சுருட்டு மட்டும் வாங்கிக்கொள்வார், அதுவும் ஹவானா. அதற்கு லஞ்சம் என்று பேரில்லை, ரசனை என்று பேர்.

சாயங்காலம் வன்னியபெருமாள் குவார்ட்டர்ஸில் போய் நின்றார். இன்ஜினீயர் பெட்டியைத் திறந்து முகர்ந்தார். ஒன்றை எடுத்து, முத்திரையைத் தடவிப் பார்த்துப் பற்றவைத்தார். முதல் இழுப்பிலேயே இருமல் வந்து கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஹாஸ்டல் தொலைந்தது என்று வன்னியபெருமாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"பார்த்தீரா ஓய், சித்த கோணலா இருக்கு" என்றார் ஸ்ரீகண்டன். "கையாலே சுருட்டினதாக்கும். புகை நெஞ்சைப் பிடிக்கறது பாரும். வெறுதேயா இந்த விலை போட்டிருக்கான்? நாட்டுச் சுருட்டு பிடிக்கறவாளுக்கு இது எங்கே தெரியப் போறது? கொசு விரட்டத்தான் அது கொள்ளும்."

வன்னியபெருமாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் அதை மறைத்துக்கொண்டார்.

ஹாஸ்டல் அவருக்குத்தான் என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டார். நாளைக்கே ஆபீசுக்கு வந்து ஆர்டரை வாங்கிக்கொள்ளலாம். வன்னியபெருமாள் கும்பிட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

"போன வாரம் தாணுமாலையன்னு ஒருத்தன் வந்தான்" என்றார் ஸ்ரீகண்டன். "இதே முத்திரை, இதே பெட்டி. பத்தவச்சா வாசனை மட்டும் இருக்கு, நெஞ்சிலே ஒண்ணும் ஏறலை. டூப்ளிகேட்டை என் தலையிலே கட்டப் பார்த்தான். பேரையே வெட்டிட்டேன். இனிமே அவனுக்கு ஒரு ஓடைச் சுவர்கூடக் கிடையாது. உமக்கு அவனைத் தெரியுமோ?"

வன்னியபெருமாளுக்கு நன்றாகத் தெரியும். அது டூப்ளிகேட் இல்லை. இரண்டு பெட்டியும் ஒரே நாளில் ஒரே கப்பல்காரனிடம் வாங்கியவை. ஒரு வார்த்தை சொன்னால் தாணுமாலையன் பிழைத்துக்கொள்வான், ஹாஸ்டல் போய்விடும்.

"பழக்கமில்லை ஸார்" என்றார். "ஆனா ஆள் ஒரு மாதிரின்னு கேள்வி."

வீட்டுக்கு வந்தபோது ஆவுடைத்தாய் தன் கூடப்பிறந்த தம்பிக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் தாணுமாலையன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான்.

"என்னை இன்னைக்கும் வாசலோட திருப்பி அனுப்பிட்டாரு. உங்களுக்காவது கிடைச்சுதா அத்தான்? நம்ம குடும்பத்துல ஒருத்தருக்குக் கிடைச்சாச் சரி."