மூன்று காவலர்களும் ஒரு கள்வனும்

இலவசம் என்று எழுதியிருந்தால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்பவன், சிந்திக்கும் உரிமையையும் அந்தக் கடையிலேயே வைத்துவிட்டு வருகிறான். சின்னாளபட்டி நாச்சிமுத்து அப்படி வைத்துவிட்டு வந்தவர்.

வீட்டுக் கணினியைக் காக்க மாதம் ஒரு புரட்சி செய்வது அவர் வழக்கம். இந்த மாதம், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஆன்டிவைரஸ் மூன்றை ஒரே நாளில் நிறுவினார். ஒன்று இருந்தால் காவல். மூன்று இருந்தால் கலகம். முதலாவது இரண்டாவதைக் கிருமி என்றது. இரண்டாவது மூன்றாவதைக் கிருமி என்றது. மூன்றாவதோ கணினியையே கிருமி என்றது. குப்பை நீக்குவதற்கென்று ஒரு மென்பொருள் வந்தது. வரும்போதே உறவினராக நாலைந்து குப்பைகளைக் கூட்டிவந்தது. அறிவியல் போதாதென்று கணினியின் நெற்றியில் சந்தனப் பொட்டும் தலையில் எலுமிச்சம்பழமும் ஏறின. இத்தனை பாதுகாப்புக்குப் பிறகு கணினி அசைய மறுத்தது.

அந்தக் கணினியில்தான் அவருடைய மனைவி சண்முகவள்ளி சுங்குடிச் சேலைகளுக்குக் கரையும் புள்ளியும் வரைகிறாள். கல்யாண வீட்டுச் சேலைக்கான புது வடிவம் மாலைக்குள் வந்து சேராவிட்டால் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகத் திண்டுக்கல் ஜவுளிக்கடைக்காரர் சொல்லிவிட்டார். வடிவம் கணினிக்குள் இருந்தது. கணினி மயக்கத்தில் இருந்தது.

"நீ அதத் தொட்றாத வள்ளி. பொம்பளைக்கு இதெல்லாம் பிடிபடாது. நிலக்கோட்டை வரைக்கும் போயிட்டு வாரேன். வந்து நாலாவதா ஒண்ணு போட்டாச் சரியாப் போகும்."

நாச்சிமுத்து படியிறங்கிய சற்று நேரத்தில், வந்தேறிய குப்பைகளில் ஒன்று திரையில் சிவப்பு எழுத்தில் கூவியது: 'ஆபத்து. உங்கள் கணினியில் கிருமிகள். உடனே இந்த எண்ணை அழைக்கவும்.'

சண்முகவள்ளி அழைத்தாள்.

"வணக்கம் மேடம். கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவுல இருந்து அசோக்குமார் பேசுறேன். பயப்படாதீங்க. நான் சொல்றத மட்டும் அழுத்துங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. நீங்க சொல்றபடி செய்றேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் உலகத்து மோசடிக்காரர்கள் அனைவரும் தவமிருக்கிறார்கள். சொன்னதை அழுத்தினாள், கேட்ட எண்ணைப் படித்தாள். அவள் கை படாமலே திரையில் அம்புக்குறி ஊரத் தொடங்கியது. எங்கோ இருந்த கள்வன் வீட்டுக்குள் வந்துவிட்டான்.

வந்தவன் திகைத்தான்.

"என்ன மேடம், எதத் தொட்டாலும் திறக்க மாட்டேங்குது?"

"எங்க வீட்டுக்காரவுக போட்டது தம்பி. எல்லாம் இலவசம்."

"ஆன்டிவைரஸ் மட்டும் மூணு இருக்கே. ஒண்ணு போதும் மேடம்."

"எது நல்லதுன்னு நீங்களே பாத்து வச்சிருங்க."

களவாட வந்தவனுக்குக் கால் வைக்க இடமில்லாத வீடு அது. ஆகவே அவன் கூட்டிப் பெருக்கத் தொடங்கினான். இரண்டு காவலர்களை வேலையிலிருந்து நீக்கினான். குப்பை நீக்கியை அதன் சுற்றத்தோடு வெளியேற்றினான். தனக்கு முன்பே நுழைந்திருந்த வேறு கள்வர்களின் கிருமிகளைத் தேடித் தேடி ஒழித்தான். தொழிற்போட்டி எவனைத்தான் விட்டது? கலகத்தில் நின்றுபோயிருந்த புதுப்பிப்புகளையும் பொறுமையாக இறக்கினான்.

"செத்த நேரம் ஆகுமா தம்பி? அடுப்புல வெஞ்சனம் கிடக்கு."

"போய் இறக்கி வச்சிட்டு வாங்க மேடம். நான் பாத்துக்கிறேன்," என்றான் அவன், அந்த வீட்டு மருமகனைப் போல.

அவள் திரும்பி வந்தபோது கணினி பறந்துகொண்டிருந்தது.

"இம்புட்டு வேகமா? ஒரு படம் அனுப்பிப் பாக்கவா தம்பி?"

"தாராளமா அனுப்புங்க."

சேலை வடிவம் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தது. 'நன்று, வேலையைத் தொடங்கலாம்' என்று கடைக்காரரின் பதிலும் வந்தது.

அசோக்குமாரின் குரல் தேனானது. "இப்பத்தான் மேடம் முக்கியமான வேலை. உங்க பேங்க் கணக்கத் திறங்க. அதுக்கும் ஒரு பாதுகாப்புப் போட்டுத் தாரேன்."

அந்த நொடியில் நாச்சிமுத்து உள்ளே நுழைந்தார். கேட்டார், பாய்ந்தார், பிளக்கைப் பிடுங்கினார், கைப்பேசியைப் பறித்து அணைத்தார்.

"அறிவிருக்கா வள்ளி உனக்கு? எவனோ திருட்டுப்பயல உள்ள விட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்க. நான் செத்த பிந்தி வந்திருந்தா நம்ம காசு அம்புட்டையும் வழிச்சிருப்பான்."

"தெரியாமப் போச்சுங்க," என்று சண்முகவள்ளி தலைகுனிந்தாள்.

"அந்த எலுமிச்சம்பழந்தான் என்னயச் சரியான நேரத்துக்கு இழுத்துட்டு வந்துச்சு," என்று சொல்லி, பழத்தை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு, குடும்பத்தைக் காத்த வரலாற்றைத் தெருவுக்கு அறிவிக்கப் புறப்பட்டார் நாச்சிமுத்து.

சண்முகவள்ளி பிளக்கை மாட்டினாள். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கள்வன் நுழைந்து வந்த மென்பொருளைப் பழகிய விரல்களால் வேரோடு நீக்கினாள்.

பிறகு கைப்பேசியை எடுத்து, அவனுடைய எண்ணை 'இலவச சர்வீஸ் 5' என்று பதிந்துவைத்தாள். முதல் நால்வரும் இப்போதெல்லாம் அவள் அழைத்தால் எடுப்பதில்லை.