மதிலோரத்து மூத்தவள்

அவள் கையில் மஞ்சள் துணித் தொட்டில். உள்ளே பிள்ளைக்குப் பதில் ஒரு கூழாங்கல்.

இது எட்டாவது கோயில். எட்டாவது கூழாங்கல்.

“மரத்துல கட்டுடி, மூதேவி. நான் அர்ச்சனைச் சீட்டு வாங்கிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு மாமியார் போய்விட்டாள்.

பால் பொங்கி வழிந்தால் மூதேவி. பஸ்ஸைத் தவறவிட்டால் மூதேவி. மாதம் தவறாமல் தூரமாகிவிட்டால், கேட்கவே வேண்டாம். செண்பகவடிவு என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

மரத்தைச் சுற்றி வந்தாள். கிளைக்குக் கிளை தொட்டில்கள். இன்னொன்று கட்ட இடமில்லை.

இத்தனை பேருக்கா இந்தக் குறை!

ஒரு பிள்ளை போதும் அவளுக்கு. மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு, முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஒரே ஒரு பிள்ளை.

மதிலோரம், முட்புதருக்குள் ஒரு கற்சிலையைச் சாத்தி வைத்திருந்தார்கள். பருத்த வயிறு. சரிந்த மார்பு. இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் இரண்டு சிறிய உருவங்கள். எண்ணெய் இல்லை, பூ இல்லை. போகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

“இது என்ன சாமி, அக்கா?” பிரகாரம் கூட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டாள்.

“அதைப் பாக்காதீங்க. மூதேவி அது. லட்சுமிக்கு மூத்தவ, அதான் அந்தப் பேரு. ஒரு காலத்துல ராசா வீட்டுலயே கும்பிட்டாங்களாம். இப்ப யாரு சீண்டுறா?”

“ரெண்டு பக்கமும் யாரு?”

“அவ புள்ளைங்கதான். ஆணு ஒண்ணு, பொண்ணு ஒண்ணு.”

கூட்டுகிறவள் பெருக்கிக்கொண்டே அப்பால் போய்விட்டாள்.

அடி ஆத்தாடி!

அவள் அப்படியே நின்றாள். பிறகு முள் குத்துவதையும் பாராமல் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

இரண்டு பிள்ளைகளும் தாயை ஒட்டி உட்கார்ந்திருந்தன. எத்தனை நூறு வருஷமோ. மழையிலும் வெயிலிலும் விட்டு நகராமல்.

மகளின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். வெயில் ஏறி, கல் சூடாக இருந்தது.

தொட்டிலைச் சிலையின் கையில் கட்டினாள். மூன்று முடிச்சு.

“ஏ மூதேவி! எங்கடி போய்த் தொலைஞ்ச?”

மாமியார் மரத்தடியில் நின்று தேடிக்கொண்டிருந்தாள்.

எட்டு வருஷமாக அந்தச் சொல்லுக்குத் தலையைக் குனிந்தே பழகியவள், புதருக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

“இன்னொரு தடவ கூப்பிடுங்க, அத்தை” என்றாள்.