இரண்டு பேர் தூக்கிய ட்ரே

"அன்னிக்கு உன் கை நல்லாத்தான இருந்துது?"

இடது கையால் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி திரும்பினாள். கேட் அருகே சுஜாதாவின் புருஷன் தீனதயாளன். அவன் பார்வை அவள் வலது தோளில், நைட்டியின் கழுத்தோரம் தெரிந்த வலி பிளாஸ்திரியில் நின்றது. அவள் துண்டை இழுத்து மூடினாள்.

"வாண்ணா. உக்காரு."

"உக்கார வரல. சுஜாதா போயி இருவது நாளாச்சு. இன்னா நடந்துதுன்னு உனக்குத்தான் தெரியும்."

மறைமலைநகர் கம்பெனியில் அவளும் சுஜாதாவும் ஜோடி. இரும்பு பார்ட்ஸ் நிறைந்த ட்ரேயை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தலைக்கு மேலிருக்கும் தட்டில் ஏற்ற வேண்டும். அன்று ட்ரே தலையில் இறங்கி சுஜாதா செத்துப்போனாள். சுஜாதாவின் கை வழுக்கியதாக சூப்பர்வைசர் எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு தமிழ்ச்செல்வி வேலைக்குப் போகவில்லை. புதுப்பட்டினத்தில் அம்மா வீட்டோடு கிடந்தாள். கண்ணை மூடினால் ட்ரேயின் அந்தப் பக்கத்தைப் பிடித்தபடி சுஜாதா நின்றாள்.

"ட்ரேல ஆயில் இருந்திருக்கும். அதான?" என்றான்.

அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

"இல்ல, அவதான் அவசரப்பட்டிருப்பா. வூட்லயும் அப்டித்தான், ஓடிகினே இருப்பா. ஆமான்னு சொல்லேன் தமிழு."

வாயைக் கிளறுகிறான், எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு மாசமாவே தோள்ல பிடிப்புண்ணா. காதுக்கு மேல கை ஏறாது. சொன்னா காண்ட்ராக்டர் நிறுத்திடுவாருன்னு மறைச்சிகினு இருந்தேன். அன்னிக்கு பாதியில சுரீர்னு இழுத்துது, விட்டுட்டேன். மொத்த பாரமும் அவ மேல போயிடுச்சு. என்ன அடிச்சிடுண்ணா."

அவன் அடிக்கவில்லை. கேட் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"உன் தோள் விஷயம் சுஜாதாவுக்குத் தெரியும். சூப்பர்வைசராண்ட சொல்லிடுறேன்னு ரெண்டு தபா கெளம்புனா."

"அப்புறம் ஏண்ணா சொல்லல?"

"'பாவம், அது பொழப்பு போயிடும், விட்டுடு'ன்னு நான்தான் தடுத்தேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான்.